பி.காம் படித்தவர் ஆப்டோமெட்ரி சேர முடியுமா?

இது எங்கள் ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சின் ஓட்டம் கெடாத அளவுக்கு மட்டும் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேசுபவர் காரைக்கால் மாவட்டம் விழிதியூரைச் சேர்ந்த ஆப்டோமெட்ரிஸ்ட்.

 

போன எபிசோடில் குழந்தைகளோட கிட்டப்பார்வை பற்றிப் பேசினோம். அதுக்கு நிறைய குரல் செய்திகள் வந்தன. அதில் ஒன்று மட்டும் குழந்தைகளைப் பற்றியது இல்லை. திருமலைராயன்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி பேசியிருந்தாங்க. "அக்கா, நான் பி.காம் முடிச்சிட்டு ஒரு கண்ணாடிக் கடையில கேஷ்ல உட்கார்ந்திருக்கேன். எனக்கு ஆப்டோமெட்ரி படிக்கணும்னு ஆசை. நெட்ல தேடினா சயின்ஸ் டிகிரி தேவையில்லைன்னு போட்டிருக்கு. இங்க விசாரிச்சா முடியவே முடியாதுங்கிறாங்க. இதுல எது உண்மை?"

அந்தச் செய்தியை மூணு தடவை போட்டுக் கேட்டேன். ஏன்னா சில வருஷம் முன்னாடி அதே மாதிரி ஒரு கேஷ் டேபிளில், அதே பி.காம் பட்டத்தோட, அதே கேள்வியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது நான்தான். தனியா பதில் அனுப்பியிருக்கலாம். ஆனா இந்தக் கேள்வியை வாயைத் திறந்து கேட்காம மனசுக்குள்ளேயே வச்சிருக்கிறவங்க இன்னும் பத்துப் பேராவது இருப்பாங்க. அதனால இன்னைக்கு முழுசா இதையே பேசிடுவோம்.

முதல்ல நேரடியான பதில். அந்தத் தங்கச்சி கேட்ட ரெண்டு பதிலுமே பாதிப் பாதி உண்மை.

நெட்டில் ஆங்கிலத்தில் தேடினால் வர்றது பெரும்பாலும் அமெரிக்கக் கதை. அங்கே ஆப்டோமெட்ரி என்பது ஒரு டிகிரி முடித்த பிறகு சேர்கிற நாலு வருஷப் படிப்பு. ஓ.டி. என்று பட்டம் கொடுப்பார்கள். அந்த முதல் டிகிரி வரலாறாக இருக்கலாம், இசையாக இருக்கலாம், வணிகவியலாகவும் இருக்கலாம். ஆனா உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு, உடலியங்கியல் என்று ஒரு பட்டியல் வச்சிருப்பாங்க. அந்தப் பாடங்களைக் கல்லூரி அளவில் படித்துத் தேறியிருக்கணும். அதுக்கு மேல ஓ.ஏ.டி. மாதிரி நுழைவுத் தேர்வும் உண்டு. "சயின்ஸ் டிகிரி வேண்டாம்" என்பது அங்கே சரிதான். சயின்ஸ் பாடம் வேண்டாம்னு அங்கேயும் யாரும் சொல்லலை. இந்த ரெண்டாவது வரி நம்ம கண்ணில் படாம போயிடுது.

இங்கே நிலைமை வேற. இந்தியாவில் பி.ஆப்டம், பி.எஸ்சி. ஆப்டோமெட்ரி எல்லாம் பிளஸ் டூ முடிச்சதும் சேர்கிற படிப்பு. அதனால நம்ம டிகிரியை யாரும் கேட்கப் போறதில்லை. பிளஸ் டூ மார்க் ஷீட்டைத்தான் கேட்பாங்க. அதில் இயற்பியல் இருக்கணும், வேதியியல் இருக்கணும், கூடவே உயிரியல் அல்லது கணிதம் இருக்கணும். மார்க் எவ்வளவு, கணிதம் மட்டும் இருந்தால் சேர்ப்பார்களா என்பதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். அந்த வருஷத்து விளக்கக் குறிப்பை வரி விடாமப் படிக்கணும். ஆனா வாசல் இருக்கிற இடம் பிளஸ் டூதான். நீங்க பி.காம் வச்சிருந்தாலும், எம்.காம் வச்சிருந்தாலும், சி.ஏ. இன்டர் தேறியிருந்தாலும், அந்த வாசல் ஒரு அங்குலம்கூட நகராது.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கு. பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்துட்டு, இடம் கிடைக்காமலோ வீட்டில் வசதி இல்லாமலோ பி.ஏ. தமிழ், பி.ஏ. ஆங்கிலம், பி.பி.ஏ.ன்னு போனவங்க எத்தனை பேர்! அவங்க எல்லாம் 'நான் ஆர்ட்ஸ்காரி, எனக்குக் கதவு மூடிடுச்சு'ன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. மூடலை. உங்க பிளஸ் டூ மார்க் ஷீட் பீரோவில்தான் இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவங்களும் அப்படித்தான். அதில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூணுமே இருக்கு. அவங்களில் பல பேருக்கு, தாங்க விண்ணப்பிக்கக்கூடிய கல்லூரி இருக்குன்னே தெரியாது.

உண்மையான சிக்கல் என்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான். காமர்ஸ் குரூப். கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல். மார்க் ஷீட்டில் இயற்பியல்னு ஒரு வார்த்தைகூட இல்லாதவங்க.

என் கதையைச் சொல்றேன். எங்க ஊர் பேரிலேயே விழி இருக்குன்னு கல்லூரியில் எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. பேரில் இருந்து என்ன, பத்தாவது முடிச்சப்ப எந்த குரூப் எங்கே போகும்னு சொல்ல எங்க தெருவில் ஆள் இல்லை. அப்பா நெல் வியாபாரி ஒருத்தர்கிட்ட கணக்குப்பிள்ளை. 'கணக்கு எழுதத் தெரிஞ்சா எங்கேயும் பொழைச்சுக்கலாம்'னாரு. அவர் வாழ்க்கையில் அது நிஜம். அதனால காமர்ஸ். அப்புறம் காரைக்காலில் பி.காம். 2013-ல முடிச்சு, ஒரு கண்ணாடிக் கடையில் பில் போடச் சேர்ந்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். சின்னக் கடை. ரெண்டே வருஷத்தில் பில் போடறதோட நிற்காம ஃப்ரேம் எடுத்துக் காட்டறது, லென்ஸ் கட் பண்றது, ஃபிட்டிங், லென்ஸோமீட்டரில் பவர் பார்க்கறதுன்னு எல்லாம் கைக்கு வந்துடுச்சு. ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டர்னு ஒரு மெஷின் உண்டு. தாடையை வச்சு உள்ளே பார்க்கச் சொன்னா, துண்டுச் சீட்டில் பவரை அடிச்சுக் கொடுக்கும். அதை ட்ரையல் ஃப்ரேமில் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா'ன்னு கேட்கவும் பழகிட்டேன். எல்லாரும் என்னைக் கண்ணாடி டாக்டர்னு கூப்பிடுவாங்க. நானும் சும்மா சிரிச்சுக்குவேன். மறுத்ததில்லை.

எங்க தெருவில் ஒரு பெரியம்மா. இடியாப்பம் அவிச்சு வித்துக்கிட்டிருந்தாங்க. ஒருநாள் கடைக்கு வந்து, "கண்ணு சரியில்லடி, பவர் மாறிடுச்சு போல"ன்னாங்க. மெஷினில் பார்த்தேன், கொஞ்சம் மாறியிருந்தது. கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். எட்டு மாசம் கழிச்சு மறுபடி வந்தாங்க. "இதுவும் சரியில்ல." அட்டையைப் படிக்கச் சொன்னேன். கீழ்வரிக்கு முந்தின வரி வரைக்கும் படிச்சாங்க. 'நல்லாத்தானே பெரியம்மா தெரியுது, வெள்ளெழுத்துதான் கூடியிருக்கு'ன்னு படிக்கிற பவரை மாத்திக் கொடுத்தேன். மூணாவது தடவை வந்தப்ப பரிதாபப்பட்டு லென்ஸுக்குக் காசுகூட வாங்கலை. கடையை விட்டு இறங்கும்போது நிலைப்படியில் தோளை இடிச்சுக்கிட்டாங்க. 'பார்த்துப் போங்க'ன்னேன். அவங்க முன்னமே ஒரு தடவை திண்ணையில் இருந்து கால் தவறி விழுந்ததும் எனக்குத் தெரியும். வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்.

அது குளுக்கோமா. கண் நீர் அழுத்த நோய்.

அவங்க மகன் வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனபோது ஒரு கண்ணில் பார்வை நரம்பு அநேகமாகப் போயிடுச்சு. இன்னொரு கண்ணில் நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிச்சம் இருந்தது. இந்த நோயின் சூழ்ச்சி அதுதான். முதல்ல ஓரப் பார்வையைத் தின்னும். நேர்ப் பார்வையைக் கடைசி வரைக்கும் விட்டு வைக்கும். அதனால அட்டையில் எழுத்தெல்லாம் படிப்பாங்க, நிலைப்படி தெரியாது. போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம், அவ்வளவுதான். மூணு தடவை என் முன்னாடி உட்கார்ந்தாங்க. மூணு தடவையும் நான் பவர் மட்டும் பார்த்தேன். கண்ணின் அழுத்தம்னு ஒண்ணு இருக்கு, அது சாதாரணமா 10-லிருந்து 21 வரைக்கும் இருக்கும், உள்ளே நரம்பின் முனையில் ஒரு குழி இருக்கு, அது பெருசானா பயப்படணும். இதெல்லாம் எனக்கு அன்னைக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வைத்தியம் பண்ணியிருப்பேன்னு சொல்லலை. 'பெரியம்மா, இது கண்ணாடி விஷயம் இல்ல, டாக்டரைப் பாருங்க'ன்னு முதல் தடவையே அனுப்பியிருப்பேன்.

அவங்களைப் பார்க்கப் போனப்ப, "நீ நல்லாத்தாண்டி போட்டுக் குடுத்த"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை.

இதை ஏன் இவ்வளவு நீளமா சொல்றேன்னா, 'சயின்ஸ் எதுக்கு, எனக்குத்தான் வேலை தெரியுமே' என்கிற எண்ணம் கடையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் வரும். எனக்கும் இருந்தது. எனக்குத் தெரிஞ்சது லென்ஸ். கண் தெரியாது. அந்த வாசலில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் கேட்கிறது நியாயம்னு இன்னைக்கு நான் நினைக்கிறேன். பதினஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட, இந்தக் குரூப்பை எடுத்தா அந்த வாசல் பின்னாடி பூட்டிக்கும்னு யாரும் சொல்றதில்லையே, அதுதான் அநியாயம்.

சரி. படிக்கணும்னு முடிவு பண்ணினேன். முடிவு பண்ணினதும் முதல்ல என்ன செய்தேன் தெரியுமா? ஏமாந்தேன்.

ஒரு விளம்பரம் பார்த்தேன். 'எந்த குரூப் படித்திருந்தாலும் ஆப்டோமெட்ரி டிப்ளமோ, ஓராண்டு, வார இறுதி வகுப்பு.' போனேன். மாடியில் ரெண்டு ரூம், சுவரில் கண்ணின் பெரிய படம். அக்காவோட சங்கிலியை அடகு வச்சு 38,000 ரூபாய் கட்டினேன். பதினோரு மாசத்தில் ஒரு நோயாளியைக்கூடத் தொடவில்லை. கடைசியில் தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ். அதை எடுத்துக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கேட்கப் போனேன். அங்கே இருந்த மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எந்த யூனிவர்சிட்டிம்மா இது?"ன்னு மெதுவாத்தான் கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை.

இப்போ சட்டமே வந்தாச்சு. 2021-ல நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்காக ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. பிசியோதெரபி, ஆய்வகத் தொழில்நுட்பம் எல்லாம் அதில் வரும், ஆப்டோமெட்ரியும் வரும். படிப்புக்கு ஒரே மாதிரித் தரம், படித்தவர்களுக்குப் பதிவேடு என்பது அதன் அடிப்படை. அதனால யாராவது 'குரூப் பிரச்சினை இல்லை, வாங்க'ன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம் எது? இந்தச் சான்றிதழை வச்சு நான் பதிவு செய்ய முடியுமா? எழுத்தில் பதில் வாங்குங்க. எழுத்தில் தர மாட்டேன்னா பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடுங்க.

எனக்கு வழி காட்டினது, அதே ஆஸ்பத்திரி மேடம்தான். "பிளஸ் டூ சயின்ஸ் பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாமே, என்.ஐ.ஓ.எஸ். இருக்கே"ன்னாங்க. தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம். மத்திய அரசோடது, 1989-ல தொடங்கினது. பள்ளியை விட்டு நின்னவங்களுக்கு மட்டும்தான் அதுன்னு நான் நினைச்சிருந்தேன். ஏற்கெனவே பிளஸ் டூ தேறினவங்க முழுசா மறுபடி எழுத வேண்டியதில்லை. பகுதிச் சேர்க்கைன்னு ஒண்ணு இருக்கு. வேணும்கிற பாடங்களை மட்டும், நாலு வரைக்கும், எடுத்து எழுதலாம். நான் மூணு எடுத்தேன். இயற்பியல், அதன் குறியீட்டு எண் 312. வேதியியல் 313. உயிரியல் 314. வருஷத்தில் ரெண்டு தடவை பொதுத்தேர்வு. ஏப்ரல் வாக்கில் ஒண்ணு, அக்டோபர் வாக்கில் ஒண்ணு. எழுத்துத் தேர்வு 80, செய்முறை 20. நடுவில் வீட்டிலிருந்து எழுதி அனுப்புற ஒப்படைப்புகளும் உண்டு. பாடப் புத்தகம் முழுக்க அவங்க தளத்திலேயே இலவசமா இருக்கு.

ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சேன். இந்தத் தடவை ஏமாறக் கூடாதுன்னு. நாலு கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன். 'நான் மாநில வாரியத்தில் காமர்ஸ் குரூப்பில் பிளஸ் டூ தேறினவள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் என்.ஐ.ஓ.எஸ்.-ல் தனியாக எழுதித் தேறினால், ரெண்டு மார்க் ஷீட்டையும் சேர்த்து ஏற்பீர்களா?' இவ்வளவுதான் கடிதம். ரெண்டு கல்லூரி பதிலே போடலை. ஒரு கல்லூரி, எல்லாப் பாடமும் ஒரே மார்க் ஷீட்டில் இருக்கணும்னு சொல்லிடுச்சு. நாலாவது கல்லூரி ஏற்போம்னு எழுதிக் கொடுத்தது, கூடவே பல்கலைக்கழகத்தில் தகுதிச் சான்றிதழ் வாங்கிட்டு வரணும்னும் சொன்னது. அந்தச் சான்றிதழை மறக்காதீங்க. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழே இருக்கிற கல்லூரிகளில், தமிழ்நாட்டு வாரியம் அல்லாத வேற வாரியத்தில் படிச்சு வர்றவங்க அதை வாங்கித்தான் ஆகணும். அந்த ஒரு கடிதத்தை நம்பித்தான் 2018 ஜூலையில் பதிவு செய்தேன்.

படிச்சது எப்படின்னு கேட்டா, கஷ்டம்தான். பொய் சொல்ல மாட்டேன். காலையில் கடை, ராத்திரி ஒன்பதுக்கு மேல புத்தகம். உயிரியல் ஓடிடுச்சு. வேதியியலில் கரிம வேதியியல் கண்ணைக் கட்டிடுச்சு. பக்கத்துத் தெருவில் பிளஸ் ஒன் படிச்ச தம்பிகிட்ட போய் மோல் கணக்குக் கேட்டேன். அவனுக்கு என்னை விட ஒன்பது வயசு கம்மி. முதல் நாள் வெட்கமா இருந்தது, மூணாவது நாள் சரியாப் போச்சு. பதிலுக்கு அவன் அண்ணனுக்கு டேலி சொல்லிக் கொடுத்தேன். அந்த நவம்பர் 16-ல கஜா வந்தது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். எங்க பக்கமும் மரமெல்லாம் சாய்ஞ்சு கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒளிவிலகல் பாடம் படிச்சேன். ஒரு வகையில் பொருத்தம்தான்.

இயற்பியல் பற்றி ஒரு வார்த்தை. காமர்ஸ்காரங்க அதைப் பார்த்துத்தான் ரொம்பப் பயப்படறாங்க. கடையில் வேலை பார்த்தவங்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும், பேர்தான் தெரியாது. மைனஸ் ரெண்டு பவர்னு தினமும் சொல்றோம். அதுக்கு அர்த்தம் என்ன? ஒண்ணை ரெண்டால் வகுத்தா அரை மீட்டர். அந்த ஆள் கண்ணாடியைக் கழட்டினா 50 சென்டிமீட்டர் வரைக்கும்தான் தெளிவா தெரியும், அதுக்கு அப்பால் மங்கல். டயாப்டர்ங்கிறது அவ்வளவுதான், மீட்டரில் சொன்ன தூரத்தின் தலைகீழ். நாலு வருஷமா நான் வித்த பவருக்கு அர்த்தம் அந்த ராத்திரிதான் புரிஞ்சது. எழுந்து போய் அப்பாவை எழுப்பிச் சொன்னேன். "சரிம்மா, படு"ன்னாரு.

அப்புறம் சிலிண்டர் பவரை மாத்தி எழுதறதுன்னு ஒண்ணு கல்லூரியில் வரும். ப்ளஸ் ஒண்ணு, சிலிண்டர் மைனஸ் ரெண்டு, ஆக்சிஸ் 180. இதையே மைனஸ் ஒண்ணு, சிலிண்டர் ப்ளஸ் ரெண்டு, ஆக்சிஸ் 90-ன்னும் எழுதலாம். லென்ஸ் ஒண்ணுதான். வகுப்பில் எல்லாரும் முழிச்சப்ப நான் மட்டும் சட்டுன்னு போட்டேன். கணக்குப்பதிவியலில் பற்று வரவு போட்டுப் பழகின கைக்கு அது ஒண்ணுமே இல்லை. வருஷக் கணக்கா எனக்கு எதுக்கும் உதவாதுன்னு நினைச்ச பாடம்!

ஏப்ரல் 2019-ல பரீட்சை. செய்முறைத் தேர்வுக்கு ஒதுக்கின மையத்துக்கு ரெண்டு பஸ் மாறிப் போகணும். பியூரெட்டை அதுக்கு முன்னாடி நான் கையால் தொட்டதில்லை. ஒரு பள்ளி ஆசிரியர் மூணு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்து விட்டாரு. அவர் இல்லேன்னா அந்த 20 மார்க் போயிருக்கும். இதை முன்கூட்டியே யோசிங்க. எழுத்துத் தேர்வை வீட்டில் படிச்சுச் சமாளிக்கலாம், செய்முறையைச் சமாளிக்க முடியாது. தேர்ச்சிக்கு 33 போதும். ஆனா 33-ஐ வச்சுக் கல்லூரிக்குள்ள போக முடியாது. பாதிக்கு மேல எடுக்கணும்னுதான் பெரும்பாலும் கேட்பாங்க. எனக்கு வேதியியலில் 58. சொல்ல ஒண்ணும் வெட்கமில்லை.

அந்த வருஷமே சேர்ந்தேன். எனக்கு 26, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு 17. முதல் மாசம் என்னைப் பார்த்து எழுந்து நின்னாங்க, மேடம்னு நினைச்சு. மூணு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. எங்களுக்கு இருந்த அமைப்பு அது. நீங்க சேர்கிற வருஷத்தில் எத்தனை வருஷம்னு விளக்கக் குறிப்பில் பாருங்க. நடுவில் கொரோனா வந்து, ரெட்டினோஸ்கோப்பியை ஆன்லைனில் நடத்தினாங்க. நீச்சலை வாட்ஸ்அப்பில் கத்துக்கிட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் போனதும் எல்லாத்தையும் முதல்லேர்ந்து பழகினோம்.

எல்லாரும் என் வழியிலேயே வரணும்னு நான் சொல்லலை. ஒரு வருஷம் திறந்தநிலைப் பள்ளி, நாலு வருஷம் கல்லூரி. அஞ்சு வருஷம் வீட்டுக்குச் சம்பளம் வராது. எங்க வீட்டில் அது நடந்ததுக்குக் காரணம் அக்கா. அவங்க சங்கிலியை மீட்டுக் கொடுக்கவே 2023 ஆச்சு. அந்த வசதியும் அந்த அக்காவும் இல்லாதவங்க வேற கணக்குப் போடணும், அதில் தாழ்வு ஒண்ணும் இல்லை. கண் மருத்துவமனைகளே நடத்துற பயிற்சிகள் இருக்கு. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பொண்ணுங்களை எடுத்து ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, அவங்களை வச்சுத்தான் இவ்வளவு பெரிய வேலையைச் செய்யுது. பவர் பார்க்கிறது, அழுத்தம் பார்க்கிறது எல்லாம் அந்த சிஸ்டர்கள்தான். புதுச்சேரியிலேயே அவங்க மருத்துவமனை இருக்கு. அது பட்டம் இல்லை, ஆனா உண்மையான பயிற்சி. கடைப் பக்கமே இருக்கணும்னா லென்ஸ், ஃப்ரேம், ஃபிட்டிங்கில் தேர்ந்தவங்களுக்கு எப்பவும் வேலை உண்டு. என்ன, 'இது கண்ணாடி விஷயம் இல்லை'ன்னு எப்போ சொல்லணும்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க.

காரைக்கால் ஆளுங்களுக்கு மட்டும் இன்னொரு குறிப்பு. பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிற குடும்பத்துப் பிள்ளைங்க அடிக்கடி கேட்கிறாங்க, 'பிரான்ஸ் போய்ப் படிச்சிக்கலாமா'ன்னு. அங்கே ஆப்டோமெட்ரிஸ்ட்னு தனியா அங்கீகரிக்கப்பட்ட மருத்துவத் தொழில் கிடையாது. ஒப்டிசியன் உண்டு, பள்ளி முடிச்சு ரெண்டு வருஷ பே.தே.எஸ். படிப்பு. மாறுகண், இரு கண் ஒருங்கிணைப்பைப் பார்க்கிற ஓர்தோப்டிஸ்த் உண்டு, மூணு வருஷம். பேரை வச்சு ஒண்ணுக்கொண்ணு சமம்னு நினைச்சுக்கிட்டு டிக்கெட் போடாதீங்க.

நம்ம புதுச்சேரி மாநிலத்துக்காரங்க சென்டாக் அறிவிப்பையும், ஜிப்மர் அறிவிப்பையும் ஒவ்வொரு வருஷமும் தனித்தனியா பார்க்கணும். குடியிருப்புச் சான்றிதழை கடைசி வாரத்தில் வாங்கப் போகாதீங்க. அந்த வாரம் வரிசையில் பாதி காரைக்கால் நிக்கும்.

இப்போ அந்தத் தங்கச்சிக்கு. உங்க குரல் செய்தியில் பிளஸ் டூவில் என்ன குரூப்னு சொல்லலை. பி.காம்னு மட்டும்தான் சொன்னீங்க. வேலை முடிச்சு வீட்டுக்குப் போனதும் மார்க் ஷீட்டை எடுங்க. இயற்பியலும் வேதியியலும் இருந்தா, விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோம். இல்லைன்னா, அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசுவோம். நான் அனுப்பின கடிதத்தின் நகல் இன்னும் என்கிட்ட இருக்கு, படம் எடுத்து அனுப்பறேன். நீங்க இருக்கிற கடையில் யாராவது மூணாவது தடவையா 'கண்ணாடி சரியில்லை'ன்னு வந்தா, அதையும் எனக்குச் சொல்லுங்க.

பெரியம்மா இருக்காங்க. இடியாப்பம் இப்போ மருமகள் அவிக்கிறாங்க. சொட்டு மருந்து நேரத்துக்குப் போடறாங்களான்னு ஞாயித்துக்கிழமை போய்ப் பார்ப்பேன். போன வாரம் போனப்ப பாட்டில் தீர்ந்து ரெண்டு நாளாகியிருந்தது. சத்தம் போட்டுட்டு வந்தேன். அடுத்த எபிசோடு அதைப் பற்றித்தான், சொட்டு மருந்தை ஏன் பாதியில் நிறுத்தக் கூடாதுன்னு. வரட்டுமா.